சாவி கையில், எஞ்சின் ஓட்டத்தில்

நெட்டுக்குப்பத்தில் படகுகளைக் கரைக்கு இழுத்துப்போடும் டிராக்டரை ஓட்டுபவள் நர்மதா. அதைச் சும்மா இருக்க விடாமல் பிரித்துப் பூட்டுபவன் அவள் புருஷன் ஜெகதீசன். எண்ணூர் கன்டெய்னர் யார்டுக்குப் பின்னால் பொங்கலுக்குப் பொங்கல் நடக்கும் டிராக்டர் இழுவைப் போட்டியில், மூன்று வருடமாக டோல்கேட் வெள்ளத்துரையே ஜெயித்துவந்தான். அது ஜெகதீசனுக்குச் சோறு இறங்காத விஷயம். இந்த முறை காயலான் கடையிலிருந்து எஞ்சினுக்குள் காற்றைத் திணித்து வலுவேற்றும் ஒரு டிரெய்லர் லாரி டர்போவைத் தூக்கிவந்து டிராக்டரில் மாட்டினான்.

“இன்னாய்யா, ஆயில் ஒழுவுது?” என்றாள் நர்மதா.

“புது எடம்ல. பயகுனா சரியாப் பூடும்.”

கான்கிரீட் கட்டைகள் ஏற்றிய இரும்புச் சட்டத்தை அதிக தூரம் இழுப்பவருக்குக் கோப்பை. வெள்ளத்துரை ஐம்பத்தெட்டு மீட்டரில் நின்றுபோனான். அடுத்து நர்மதா. நாற்பதாவது மீட்டரில் அவள் டிராக்டர் திணறியது. பிறகு யாரோ கிள்ளிவிட்டதுபோல் அலற ஆரம்பித்தது. ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்தாள். அலறல் இன்னும் ஏறியது. புகையில் மைதானமே மறைந்தது.

“சாவிய ஆப் பண்ணுமே!” என்று கத்தினான் ஜெகதீசன்.

அவள் சாவியைப் பிடுங்கித் தலைக்கு மேல் தூக்கிக் காட்டினாள். “சாவி என் கையிலதான்யா கீது!”

நடுவர் ராமதாஸுக்குத்தான் முதலில் விளங்கியது. டர்போவில் கசிந்த ஆயிலையே குடித்து எஞ்சின் ஓடுகிறது. டீசலை நிறுத்தினாலும் நிற்காது. “வெடிக்கப் போவுது, ஓடுங்க!” என்று சொல்லிவிட்டு மைக்கோடு ஓடினார். அவர் மூச்சிரைப்பு நாலு ஸ்பீக்கரிலும் கேட்டது. ஜெகதீசன் ஒரு காலி கன்டெய்னருக்குள் பாய்ந்தான்.

எதிரே பந்தலில் பிள்ளைகுட்டிகளோடு கூட்டம். நர்மதா ஸ்டியரிங்கை மணல்மேட்டுப் பக்கம் ஒடித்துவிட்டுக் குதித்தாள். டிராக்டர் சுமையோடு போய் மணலில் மூக்கைப் புதைத்தது. டமார்! எஞ்சினின் விலா கிழிந்து, ஓர் இரும்புத் தண்டு பறந்துபோய்ப் பிரியாணி அண்டாவைத் துளைத்தது. மனிதர்கள் யாருக்கும் ஒரு கீறல் இல்லை.

நர்மதா கன்டெய்னரை உதைத்தாள்.

“உனுக்காகத்தான்மே கதவ தொறந்து வெச்சிகினு இருந்தேன்.”

“உள்ள இருந்து இஸ்துப் புடிச்சிகினா?”

அளந்தார்கள். எழுபத்தொன்று. வெள்ளத்துரை எகிறினான்: “செத்த வண்டிக்கு இன்னா சார் கப்பு?”

“எவ்ளோ தூரம் இஸ்துச்சுன்னுதான் ரூல்ஸ். உசுரோட கீதான்னு எங்கயும் எழுதல,” என்றார் ராமதாஸ்.

கோப்பையை வாங்கிக்கொண்ட நர்மதா, டிராக்டர் பக்கத்திலேயே மணலில் உட்கார்ந்து அழுதாள். விடிந்தால் பன்னிரண்டு படகு கரையேற வேண்டும். முணுமுணுத்துக்கொண்டே போன வெள்ளத்துரை திரும்பி வந்தான்.

“காலைல எத்தினி மணிக்குப் படகு வரும்?”

சொன்னபடி ஆறு மணிக்கு அவன் டிராக்டர் குப்பத்தில் நின்றது. நர்மதா ஏறி ஓட்டினாள். நாலாவது படகு ஏறியதும் ஜெகதீசன் மெதுவாகக் கிட்டே வந்து பானெட்டைத் தடவினான்.

“துரை, இதுல ஒரு சின்ன டர்போ வெச்சா…”

வெள்ளத்துரை படகுக் கயிற்றின் நுனியை எடுத்து ஜெகதீசன் கையில் கொடுத்து, டிராக்டரை விட்டுத் தள்ளிப் போகச் சொல்லிக் கடலைக் காட்டினான்.