மூன்று பேருக்கு ஒரு கீபோட்

யோகராணி ரீச்சரின் வீடு எங்கள் வீட்டுக்கு நேரெதிர். கடல் கடந்து நாங்கள் குடியேறிய லின்ஃபீல்டில் யன்னல் சீலை போடாத ஒரே தமிழ் வீடு அது. ஆகையால் நான் எட்டிப் பார்த்தேன் என்று ஒருவரும் குறை சொல்ல ஏலாது. தொண்ணூற்றாறாம் ஆண்டு மாசி மாதம் அவவின் காரிலிருந்து ஒரு பழைய கம்ப்யூட்டர் இறங்கியது. ஹென்டர்சன் பக்கம் ஏதோ ஒப்பீஸில் கழித்துவிட்டதாம். ரொறன்ரோவில் இருக்கிற ரீச்சரின் தங்கச்சி, கம்ப்யூட்டரில் தமிழ் தெரியவைக்கிற எழுத்தை ஒரு பிளாப்பித் தட்டில் அனுப்பினாவாம். இதெல்லாம் நான் கேளாமலே தெரியவந்தது. இரண்டு தரம் மட்டும் கேட்டேன்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு சனிக்கிழமையும் அந்தப் பெட்டி காரில் ஏறி எங்கள் தமிழ்ப் பள்ளிக்கூடத்துக்குப் போனது. நானும் போனேன், தேத்தண்ணி போட ஆள் வேண்டுமே. மேற்பிரிவில் மூன்றே மூன்று பிள்ளைகள்: ராகவி, நிரூஜன், இவோன். மூன்றும் தமிழில் கேட்டால் இங்கிலீசில் பதில் சொல்கிற சாமான்கள். ரீச்சருக்குத் தமிழ் தெரியும், கம்ப்யூட்டரை அணைக்கத் தெரியாது. பிள்ளைகளுக்கு மறுவளம்.

எந்தக் கீயில் எந்தத் தமிழ் எழுத்து என்று காட்டுகிற தாள் ஒன்று பிளாப்பியோடு வந்திருந்தது. ரீச்சர் அதை நடுவால் கிழித்தா. இடப்பக்கத்துக் கீகள் ராகவிக்கு, வலப்பக்கம் நிரூஜனுக்கு. இவோனுக்குத் தாளே இல்லை. எழுத்துகளைக் கூட்டி வாசித்து, பிழையென்றால் நிறுத்துவது அவள் வேலை. கம்ப்யூட்டர் அடம்பிடித்தால் ரீச்சர் கையைக் கட்டிக்கொண்டு, "இப்ப நீங்கள் எனக்குப் படிப்பியுங்கோ" என்பா. வகுப்பா சந்தைக்கடையா என்று தெரியாத சத்தம்.

பள்ளிக்கூடத்தை நடத்துகிற தமிழ்ச் சங்கத்தின் தலைவர் இரத்தினசிங்கத்தாருக்கு இது பிடிக்கவில்லை. ஊரில் கணக்கு வாத்தியார்; இங்கே மனுகாவில் ஒரு கந்தோரில் ஒப்பீஸ் வேலை.

"யோகராணி, ஒருத்தன்ரையை மற்றவன் பாத்து எழுதினால் யாழ்ப்பாணத்தில அதுக்குப் பேர் கொப்பியடிக்கிறது."

"இஞ்ச அதுக்குப் பேர் வகுப்பு, அண்ணை."

"அப்ப முதலாம் பிள்ளை ஆர்? முதலாம், ரெண்டாம், மூண்டாம் இடக் கப்பில பேர் வெட்டக் குடுக்கவேணும்!"

கடைசியில் தலைவர் தவணை சொன்னார். கார்த்திகையில் பரிசளிப்பு விழா. பிள்ளைகள் தாங்களே எழுதிய கதையைச் சபையில் வாசிக்கவேணும். இல்லையென்றால் அடுத்த வருசம் மேற்பிரிவுக்குச் சொல்வதெழுதல். கம்ப்யூட்டர் சங்கத்து நோட்டீஸ் அடிக்கப் போய்விடும். ரீச்சர் அன்று இரண்டு கோப்பை தேத்தண்ணி குடித்தா, சீனி போடாததைக் கவனிக்கவில்லை.

விழாவன்று மண்டபம் நிறைந்த சனம். தலைவர் தன் கந்தோரின் புதுக் கம்ப்யூட்டரையும் பெரிய திரையையும் கொண்டுவந்திருந்தார். ரீச்சர் கதை இருந்த பிளாப்பியைக் கொண்டுவந்தா. தமிழ் எழுத்து இருந்த பிளாப்பி வீட்டில். கதை இருந்தால் எழுத்தும் கூட வரும் என்று நினைத்துவிட்டா.

திரையில் ஒரு தமிழ் எழுத்தும் இல்லை. பிள்ளைகள் அடித்த கீகளின் இங்கிலீஸ் எழுத்தும் அரைப்புள்ளியுமாய்க் கொட்டிக் கிடந்தது. முன்வரிசையில் சிரிப்பு.

"இதுதானோ ஒரு வருசமாப் படிச்ச தமிழ்?" என்றார் தலைவர்.

ராகவி திரைக்குக் கிட்டப் போனாள்.

"இங்கிலீஸ் ஆர் எண்டா ச. ஈ எண்டா ந."

"அரைப்புள்ளி மேல குத்து," என்றான் நிரூஜன். "ந் வரும். ஐ, ஜே... தை!"

"சந்தை!" என்று கத்தினாள் இவோன். "கோ ஓன்!"

முதல் வரிக்கு மூன்று நிமிசம். மூன்றாம் வரியில் ஓட்டம் பிடித்துவிட்டார்கள். ராகவி தன் பக்கம், நிரூஜன் தன் பக்கம், இவோன் கூட்டிச் சொல்ல, சனம் வாயை மூடியது.

"ஞாயிற்றுக்கிழமை சந்தைக்குத் தலைவர் மாமா வருவார். ஒரு கத்தரிக்காய்க்கு அரை மணித்தியாலம் விலை கேட்பார். பிறகு வாங்காமல் போவார். கத்தரிக்காய் அழும்."

மண்டபம் குலுங்கியது. நான் வாயில் சேலைத் தலைப்பை வைத்தேன், பயன் இல்லை.

"இது ரீச்சர் எழுதித் தந்ததோ?" தலைவரின் காது சிவந்திருந்தது.

"நோ அங்கிள்," என்றான் நிரூஜன். "நாங்கள் கண்டது. டூ டைம்ஸ்."

ரீச்சர் இப்படி எழுதிக் கொடுக்கமாட்டா என்பது சபைக்கே தெரியும். தலைவர் திரைக்குக் கிட்டப் போனார். பிறகு ராகவியிடம் மெல்லக் கேட்டார்: "இதில கத்தரிக்காய் எது, பிள்ளை?"

"எனக்குப் பாதிதான் தெரியும், அங்கிள். மற்றப் பாதி நிரூஜனிட்ட."

அவர் பேர் வெட்டாத கப் மூன்றையும் எடுத்து, எதில் எந்த இடம் என்று பார்க்காமலே மூன்று பேருக்கும் கொடுத்தார். "அடுத்த வருசமும் கம்ப்யூட்டர் வகுப்பிலயே இருக்கட்டும்," என்றார்.

அன்றிரவே நிரூஜனின் தாய் றோஸ்மேரி எனக்கு ரெலிபோன் எடுத்தா. "அக்கா, இவன்ர கப்பில மூண்டாம் இடம் எண்டு கிடக்கு. அந்தப் பெட்டையளை விட இவன் என்ன குறைச்சல்?" நான் ரீச்சரிடம் கேட்கச் சொன்னேன். அவ கேட்கவில்லை என்று தெரியும், ஏனென்றால் ரீச்சரிடம் நான் விசாரித்தேன்.

அடுத்த ஞாயிறு சந்தையில் தலைவரைக் கண்டேன். கத்தரிக்காய்க் குவியலுக்கு முன்னால் நின்று, இடமும் வலமும் பார்த்து, விலை கேட்காமல் ஒரு கிலோ வாங்கினார். பின்னால் நின்றது அந்தப் பிள்ளைகள் இல்லை, நான் மட்டும்தான் என்பது அவருக்குத் தெரியாது.