சீதேவி இரண்டு சனல்களில்

1

குறிகட்டுவான் படகுத்துறைக்குப் போகும் பஸ்ஸில் எனக்கு முன்னால் இருந்தவர் மனைவியிடம் சொன்னார்: "அந்தச் சனலில மஞ்சளாத்தான் தெரிஞ்சவ. மற்றதில நல்ல சிவப்பு." காதில் விழுந்தது அவ்வளவுதான். துறையில் இறங்கிச் சனத்தோடு சனமாகப் போய்விட்டார்கள். 'அவ' யாரென்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. ஆகவே இனி வருவதில் அந்த ஒரு பேச்சைத் தவிர எல்லாம் என் கைவேலை.

முதலில் இப்படித் தொடங்கினேன்: மண்கும்பான் கடற்கரையில் அலைகள் மெல்ல மெல்ல வந்து

(விட்டுவிட்டேன். தீவைப் பற்றி எழுத இருந்தால் பேனா தானாகக் கடலுக்கு ஓடுகிறது. இந்தக் கதை ஒரு ரீவிக்கு முன்னால் நடக்கிறது.)

2

மண்கும்பான் இளையதம்பி தெற்கே காலி நகரத்தில் நெடுங்காலம் புடைவைக்கடை வைத்திருந்துவிட்டு ஊரோடு வந்தவர். கனடாவிலிருந்து லீவில் வந்த மகன் துஷ்யந்தன், சுவரை அடைக்கிற ஒரு எச்.டி. ரீவியை மாட்டிவிட்டுப் போனான். அன்றிலிருந்து அவருக்கு நிகழ்ச்சி முக்கியமில்லை, படத்தின் தெளிவுதான் முக்கியம். கிரிக்கெட்டில் ஓட்டத்தைப் பார்க்கமாட்டார், புல்லைப் பார்ப்பார். ஒரு சனலில் புல் தனித்தனியாக நிற்கும். இன்னொன்றில் பாசி மாதிரிக் கிடக்கும்.

"மூலையில எச்.டி. எண்டு எழுதினாப் போலப் படம் தெளிஞ்சிடுமோ? இது பழைய படத்தை இழுத்துப் பெருப்பிச்சிருக்கிறாங்கள்" என்பார்.

"செய்தியில என்னப்பா சொல்லுகினம்?" என்று மனைவி சிவக்கொழுந்து குசினியிலிருந்து கேட்பாள்.

"அது நான் கவனிக்கேல்லை. ஆனா வாசிக்கிற பிள்ளையின்ர மூக்குத்தியில கல்லெல்லாம் தெரியுது."

(இந்த மனிதரைக் கோமாளியாக்கிவிடுவேனோ என்று இங்கே பயந்தேன். அடுத்த பகுதி அந்தப் பயத்தில் எழுதியது.)

3

நயினாதீவு அம்மன் கோயில் தேரை இரண்டு சனல்கள் நேரடியாகக் காட்டின. ஒரே தேர், ஒரே வெய்யில். இளையதம்பிக்கு இதைவிட என்ன வேண்டும்? ரிமோட்டை அமத்தி அமத்தி இரண்டையும் ஒப்பிட்டுக்கொண்டிருந்தார். சிவக்கொழுந்து கைகூப்பியபடி பக்கத்தில் இருந்தாள்.

"நில்லுங்கோ. மாத்தாதேங்கோ. அது எங்கட சீதேவியெல்லோ?"

வடம் பிடிக்கும் பெண்களுக்குள் அவளுடைய தங்கை நின்றாள். நெடுந்தீவில் கலியாணம் கட்டியவள். அவளுடைய மகளின் கலியாண அல்பத்தில் சிவக்கொழுந்தின் படம் ஒன்றே ஒன்று. அதிலும் கண் மூடியிருந்தது. அன்றோடு அக்கா தங்கைக்குள் பேச்சு நின்றது.*

"முகம் மஞ்சள் பாரிச்சுக் கிடக்கு. மெலிஞ்சும் போனாள்" என்றாள் சிவக்கொழுந்து.

அவர் மற்றச் சனலுக்கு மாற்றினார். அதில் சீதேவி சிவந்து, கன்னம் நிறைந்து, தேரை ஒற்றைக்கு இழுத்துவிடுவாள் போல நின்றாள்.

"எது சரியப்பா?"

கேளாமலே இத்தனை நாளும் தீர்ப்புச் சொன்னவரிடம் இப்போதுதான் முதன்முறையாகத் தீர்ப்புக் கேட்டாள். எது தெளிவு என்று அவருக்குத் தெரியும். எது உண்மை என்று ரீவிக்கு முன்னால் இருந்து எப்படிச் சொல்வது? மனைவியின் முகத்தைப் பார்த்தார். ரிமோட்டைக் கீழே வைத்தார்.

"கடையில நிறம் பாக்கிறதெண்டா துணியை வாசலுக்குக் கொண்டுபோய் வெய்யிலிலதான் பாக்கிறது. விடிய நெடுந்தீவுக்கு வெளிக்கிடுவம்."

"நான் ஏன் போகோணும்? அவள் வரட்டும்" என்று சொல்லிக்கொண்டே சிவக்கொழுந்து எழும்பிப்போய் அலுமாரியில் நல்ல சேலை தேடினாள்.

* முதற்பிரதியில் இது காணிச் சண்டை. காணிச் சண்டை எப்போதாவது ஆறும், கண் மூடின படம் ஆறாது என்று தோன்றியதால் மாற்றினேன்.

4

(ஒரு பிரதியில் அவர்கள் போய்ச் சேரும்போது சீதேவி படுத்த படுக்கை. கிழித்தேன்; தேர் இழுத்தவளைப் படுக்கவைக்க மனம் வரவில்லை. இன்னொன்றில் அவள் முகத்துக்கு மஞ்சள் பூசியிருந்தாள், எல்லோரும் சிரித்தார்கள். அது எனக்கே நம்பிக்கையாக இல்லை.)

சீதேவி மாட்டுக்குப் புல் போட்டுக்கொண்டு நின்றாள். மெலிந்துதான் இருந்தாள். கண்ணின் வெள்ளையில் இன்னும் மஞ்சள் கொஞ்சம் மிச்சமிருந்தது.

"செங்கமாரி, அக்கா. ஆஸ்பத்திரியில கிடந்து வந்தனான். இப்ப மாறீற்றுது, பயப்பிட ஒண்டுமில்லை எண்டு டொக்டர் சொல்லீட்டார். மாறவேணுமெண்டு அம்மனுக்கு வைச்ச நேத்திக்கடனுக்குத்தான் வடம் தொட்டனான்."

"எனக்கு ஏன் சொல்லேல்லை?"

"நீங்கள் போனை எடுத்தால்தானே சொல்லுறதுக்கு."

சிவக்கொழுந்து தங்கையின் கையிலிருந்த புல்லுக்கட்டைப் பறித்து மாட்டுக்கு முன்னால் தானே உதறிப் போட்டாள். பிறகு குசினிக்குள் போய்ச் சட்டிகளைத் திறந்து, வருத்தக்காரி தின்கிற கறியா இது என்று தொடங்கினாள். சீதேவி விடவில்லை. இரண்டு குரலும் உயர்ந்தன, நடுவில் ஒரு சிரிப்பும் கேட்டது.

வெளியே இளையதம்பி மாட்டைப் பார்த்துக்கொண்டு நின்றார். மஞ்சளாகக் காட்டிய சனல்தான் சரி என்ற சந்தோஷம் முகத்தில் தெரிந்துவிடக் கூடாதல்லவா?

5

கடைசிப் படகு நிற்கிறது. தென்மேற்கிலிருந்து சோளகக் காற்று. இளையதம்பி ஏறி இருந்துவிட்டார்.

"அக்கா, ரெண்டு நாள் நிண்டிட்டுப் போங்கோவன்."

"அங்க கோழிக்கு ஆர் தீன் போடுறது?"

"நான் போடுவன். நீர் நில்லும்" என்றார் இளையதம்பி. அவள் கேட்டு முடிக்கமுதலே, கொஞ்சம் கெதியாகச் சொல்லிவிட்டார். சிவக்கொழுந்து அவரைச் சந்தேகத்தோடு பார்க்கிறாள், பிறகு தங்கையைப் பார்க்கிறாள். பை கையில், ஒரு கால் படகின் விளிம்பில்.

இரண்டு விதமாகவும் எழுதிப் பார்த்தேன். ஏற்றினால் இறங்குகிறாள், நிற்பாட்டினால் ஏறுகிறாள். என் பேச்சை அவள் கேட்பதாயில்லை. உங்களுக்கு ஒரு அக்காவோ தங்கையோ இருந்தால் நீங்கள் சொல்லிப் பாருங்கள். கெதியாகச் சொல்லவேண்டும், படகில் மற்றச் சனமும் காத்திருக்கிறது.