டால்ஃபின் இல்லாத வீடியோ

என் போனில் இடமில்லையென்று என் மகள் சபீனா பழைய வீடியோக்களை அழித்துக்கொண்டிருந்தாள். தெலுங்கு பேசும் நாச்சாரத்தில் படித்து வளர்ந்தவள். நாங்கள் தமிழில் கேட்டால் தெலுங்கில்தான் பதில் வரும்.

"இந்துலோ டால்ஃபின் லேதுகா டாடி, டெலீட் சேஸ்தா."

டால்ஃபினே இல்லையாம், அழிக்கப் போகிறாளாம்!

கோவாவில் ஒரு மத்தியானம் படகில் எடுத்தது. டால்ஃபின் துள்ளிய பக்கம் எல்லோரும் ஓட, மடையன் நான், மறுபக்கத்து வெறுங்கடலை எடுத்துக்கொண்டிருந்தேன்.

"கைய எடு!" என்று கத்தினேன். முறைத்துவிட்டுப் போனாள்.

வீடியோவை ஓடவிட்டேன். வெறும் அலைதான். அதற்கு மேல் என்னைக் கூப்பிடும் நாலு வயது சபீனாவின் குரல்:

"தூக்குங்கத்தா! எனக்கு ஒண்ணும் தெரியல அத்தா!"