பின்னறை மோரி

...ஒரு கல்லுதானே, கடப்பாக் கல்லு, ஒரு மூலை உடைஞ்சு கிடக்கு, அதுக்குப் போயி இந்தக் கொத்தனார் சொரிமுத்து, மதினி, மாத்தவா வேண்டாமா, சட்டுனு சொல்லுங்க, மாஹிம்ல எனக்கு வேற வேலை கிடக்குன்னு காலையில இருந்து உயிரை எடுக்காரு. அவருக்கென்ன, சிமிண்டைப் பூசிட்டுக் கூலியை வாங்கிட்டுப் போயிருவாரு, அனுபவிக்கப்போறவ நான்லா. குழாயில தண்ணி நூல் மாதிரி வருது, என் குடத்துக்கு முறை வரதுக்குள்ள முடிவு சொல்லுதேன்னு சொல்லிட்டு இங்க வந்து நிக்கேன், என்னத்த முடிவு... பின்னறை மூலையில கல்லு பதிச்சுக் கட்டின மோரி, குளிக்க, துவைக்க, பாத்திரம் தேய்க்க எல்லாம் அதுக்குள்ளதான், வாடகைக்கு இருக்குற நஸீராவுக்கு அதை விட்டா வேற இடமில்ல. அவ புருசன் கரீம் பாட்சாவுக்குத் தோல் ஷாப்புல வேலை, நல்ல சனந்தான், நான் இல்லைன்னா சொன்னேன், போன மழைக்கு நான் காய்ச்சல்ல கிடந்தப்ப கஞ்சி வச்சுக் குடுத்தவ அவதான். ஆனா எனக்கு அறை வேணுமே! என் மகன் மாசானத்துக்குத் தையில கல்யாணம், அவன் கட்டிக் கூட்டிட்டு வர்றவளை எங்க படுக்க வைக்க, என் காலடியிலயா?

காலி பண்ணுங்கன்னு நானும் சொல்லிப் பார்த்துட்டேன். இந்த பம்பாய்ல குடி வச்ச ஆளைக் கிளப்ப முடியுமா, கோர்ட்டுக்குப் போனா என் பேரனுக்குப் பேரன் வந்துதான் தீர்ப்பைக் கேக்கணும். அதான் கல்லு உடைஞ்சப்ப வாயை மூடிக்கிட்டு இருந்தேன்... தண்ணி தேங்கட்டும், நாறட்டும், அவியளே சலிச்சுப் போயி வேற இடம் பாக்கட்டும். நானா உடைச்சேன்? ஆனா அந்த மனுசன் கரீம் என்ன சொல்லுதாரு, அக்கா, நீங்க சிரமப்பட வேண்டாம், என் துட்டுல நானே கல்லு போட்டுக்கிடுதேன்னு சொல்லிக் கொத்தனாரையும் வரச் சொல்லிட்டாரு. அடேயப்பா! அடுத்த சந்துத் தங்கத்தாயும் இப்படித்தான் மயங்கினா, அவ வீட்டுல குடியிருந்தவன் தன் செலவுல கூரைத் தகரம் மாத்தினான், இப்போ அவன் கூரைக்குக் கீழ இவ வாடகைக்கு இருக்கிற மாதிரி மிரட்டுதான். இங்க கல்லு போட்டவன் காலூன்றிருவான். நான் போட்டா சொகமா உக்காந்துக்கிடுவாவ, அவரு போட்டா சொந்தமாவே உக்காந்துக்கிடுவாரு, யாருமே போடலைன்னா... யாருமே போடலைன்னா என்ன? அக்கா வழுக்குதுக்கா, சுவத்தைப் பிடிச்சுக்கிட்டுத்தான் உக்காருதேன்னு நஸீரா நேத்துக்கூடச் சொன்னா. மாசமா இருக்கவ, வயித்தைத் தள்ளிக்கிட்டு நிக்கா. பார்த்து நட புள்ளன்னு சொன்னேன்லா, சொல்லாமயா இருந்தேன்...

தடால்னு சத்தம். பின்னறையிலதான். இனி இருக்க மாட்டாவ, அறை காலி... இதுதான், சண்டாளி, இதுதான் எனக்கு முதல்ல வந்துச்சு, அய்யோங்கிறது அதுக்குப் பிறகுதான் வந்துச்சு. குடத்தைப் போட்டுட்டு ஓடிப்போயிக் கதவைத் தள்ளினா, நஸீரா சுவத்தைப் பிடிச்சுக்கிட்டு நிக்கா, வாளி கவுந்து கிடக்கு, வீடெல்லாம் தண்ணி. வாளிதான்க்கா, எனக்கு ஒண்ணுமில்லன்னு சிரிக்கா. என் கையைப் பிடிச்சுக்கிட்டா. பின்னாலயே வந்த சொரிமுத்துகிட்ட, பாருங்கண்ணே, எங்க அக்காவுக்கு என்மேல எம்புட்டு உசுருன்னு வேற சொல்லுதா. போடுங்க, இன்னைக்கே போடுங்க, துட்டு நான் தாரேன்னு சொல்லிட்டேன். நல்ல காரியம் மதினின்னாரு அவரு. நல்ல காரியமா? இவளுக்காகப் போடுதேனா, இல்ல, இன்னொரு சத்தம் கேட்டா எனக்குள்ள முதல்ல என்ன வருமோன்னு பயந்து போடுதேனா... இவ இன்னும் என் கையை விடலை.