நொச்சியின் சம்மதம்

துரைக்கண்ணு இறந்து இன்றோடு ஒரு வருஷம். அவர் மகள் கன்னியம்மாள் செங்கல்பட்டிலிருந்து பஸ் பிடித்து அடையாறுக்கு வந்தது ஒரே ஒரு நொச்சிக் குச்சிக்காக. மூலிகைத் தோட்டம் போடுகிறோம் என்று வந்து நின்ற அறக்கட்டளைக்காரர்களுக்குத் தன் வாசல் நொச்சியை வேரோடு பெயர்த்துக் கொடுத்தவர் அந்த இருளர் பெரியவர். சாகும்வரை அதே கவலை. "அத்த அங்க தனியா வுட்டுட்டேன். ஒரு குச்சி ஒடிச்சாந்து என் தலமாட்டுல நடு" என்று கேட்டிருந்தார். இன்று பொழுது சாய்வதற்குள் அவர் சமாதியில் நட்டாக வேண்டும்.

தோட்டத்து வாசலில் கருங்கல்லில் அவர் வாக்கு: 'செடியைக் கேட்காமல் பறிக்காதே.'

அறக்கட்டளைச் செயலாளர் ஸ்ரீகிருஷ்ணா நல்ல மனிதர். தொல்லையே அதுதான்.

"கண்டிப்பா தர்றோம்மா. ஆனா ஐயா சொன்னபடி செடி சம்மதிக்கணும்."

நொச்சியின் முன்னால் நாற்காலி போட்டு கமிட்டி உட்கார்ந்தது. ஒருவர் தமிழில் கேட்டார், ஒருவர் இங்கிலீஷில் கேட்டார், ஒருவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். கால் மணி நேரமாகியும் நொச்சி வாயைத் திறக்கவில்லை. 'பதில் இல்லை' என்று மினிட்ஸில் ஏறியது.

"அடுத்த புதன்கிழமை மறுபடி கேட்போம்மா."

"எங்கப்பா ரெண்டு வார்த்த கேப்பாரு சார். கேட்டா, தேவைக்கு மேல கை நீளாது. அவ்ளோதான்."

"அதைத்தாம்மா ப்ரொசீஜர் ஆக்கியிருக்கோம்!"

கன்னியம்மாள் செடியின் பக்கம் திரும்பினாள். அப்போதுதான் கவனித்தாள். செடியின் ஒரு பக்கம் மொட்டையாக இருந்தது. அதன் பின்னால் பேனரில் அப்பா சிரித்துக்கொண்டிருந்தார்.

"இந்தப் பக்கம் இன்னாச்சு?"

"சாயங்காலம் ஐயாவுக்கு நினைவு விழா. உங்களைக் கூப்பிட அட்ரஸ்தான் கிடைக்கலை. கிளை அவர் முகத்தை மறைச்சுது, வெட்டியாச்சு."

"அதுங்கிட்ட கேட்டீங்களா?"

ஸ்ரீகிருஷ்ணா நிஜமாகவே யோசித்தார். "அது டெக்கரேஷன் ஆளுங்க வேலைம்மா. கமிட்டிக்கு வராது."

கன்னியம்மாள் விறுவிறுவென்று பின்பக்கம் போய்க் குப்பைத்தொட்டியில் கையை விட்டாள். பேப்பர் தட்டுகளுக்கு அடியில் விரல் கனத்தில் ஒரு கிளை, இன்னும் பச்சையாக. குழாயில் முந்தானையை நனைத்து அதைச் சுற்றினாள். கண்ணில் நீர் முட்டியது.

"ஊட்டுக்குப் போலாமா?" என்று அதனிடம் கேட்டாள்.

பின்னாலேயே நோட்டும் பேனாவுமாக ஓடிவந்தார் ஸ்ரீகிருஷ்ணா. "இன்னிக்கே கேட்டுட்டீங்களா! என்னம்மா பதில் சொல்லுச்சு?"

"எங்கூடத்தான் வந்துக்கினு கீது சார்" என்று சொல்லிவிட்டு, பஸ் ஸ்டாப்பைப் பார்த்து நடந்தாள்.