மணி அடிக்கும் வரை

மெக்கானிக் ஹாலில் சம்மணம் போட்டு உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டார். தியானம் என்று தெரிந்தால் ஓட்டித் தள்ளிவிடுவார்கள் என்று பட்டறையில் யாரிடமும் மூச்சு விடவில்லை. வண்டி விட வந்த ஒருவரிடம் கத்திக்கொண்டிருக்கும்போதே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்தவருக்கு, டாக்டர் மாத்திரையோடு சேர்த்துச் சொன்ன வைத்தியம் இது. சொல்லிக்கொடுத்தது அங்கிருந்த நர்ஸ். "காதுல விழுற சத்தத்தை மட்டும் கவனிங்க. நல்லது கெட்டதுன்னு பாக்காதீங்க. போன்ல மணி வெச்சுக்குங்க, அடிச்சதும் எழுந்துக்கலாம்."

காதால் கவனிப்பதை அவருக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஸ்க்ரூடிரைவர் நுனியை என்ஜினில் ஊன்றிப் பிடியைக் காதோடு ஒட்டினால், எந்த பேரிங் போயிருக்கிறது என்று கண்ணைத் திறக்காமலே சொல்லிவிடுவார். வீட்டை அப்படிக் கேட்டதில்லை, அவ்வளவுதான். கேட்கத் தொடங்கியபின் தினம் ஒரு புதுச் சேதி. மனைவி வேலை செய்துகொண்டே பாட்டு முணுமுணுக்கிறாள். மகள் நடப்பதே இல்லை, ஒற்றைக் காலில் தாவித் தாவித்தான் போகிறாள். இருவரும் ஓயாமல் பேசுகிறார்கள். மணி அடித்துக் கண்ணைத் திறந்தால் மட்டும் வீடு கப்சிப்பென்று இருக்கும். தியானத்தின் மகிமை என்று நினைத்துக்கொள்வார். போன வாரம் நர்ஸிடம் பெருமையடித்தும் விட்டார். "எனக்கு மட்டும் இல்லம்மா, வீட்டுக்கே வேலை செய்யுது. நான் எழுந்திரிக்கும்போது ஒரு சத்தம் இருக்காது."

இன்று விடுமுறை. அப்படியும் முதலாளி கூப்பிடாமல் விடமாட்டார் என்று போனில் எல்லாச் சத்தத்தையும் அணைத்திருந்தார். மணியும் அதோடு ஊமையாகும் என்று அவருக்குத் தோன்றவில்லை.

சட்டைப் பையில் போன் அதிர்ந்த அதே நேரம் சமையலறையில் மனைவி சிரித்தாள். குலுங்கிக் குலுங்கி, மூச்சுத் திணறச் சிரித்தாள். கல்யாணமான புதிதில் கேட்ட சிரிப்பு. அவருக்கும் முகம் மலர்ந்தது. மெல்லக் கண்ணைத் திறந்தார்.

அவருடைய பட்டறைச் சட்டை முழங்காலுக்குக் கீழே தொங்க, சமையலறை வாசலில் மகள் இடுப்பில் கைவைத்து நின்றிருந்தாள். "சாவி எங்கடி? இந்த வீட்ல ஒரு பொருள் வெச்ச எடத்துல இருக்குதா?" என்று குரலை அடக்கிக்கொண்டு கத்தினாள். சத்தம் வெளியே வராத கத்தல். அச்சு அசலாக அவரேதான். அவருக்கே சிரிப்பு முட்டியது.

மகள் கரண்டியை எடுத்து எறிவதுபோல் ஓங்கினாள். மனைவி சிரித்துக்கொண்டே சட்டென்று குனிந்து காதைப் பொத்திக்கொண்டாள்.

ஒரே ஒரு தரம் அவர் கரண்டியை எறிந்ததுண்டு. அது சுவரில்தான் பட்டது. யார் மேலும் படவில்லை என்பதால் அதை ஒரு விஷயமாகவே அவர் வைத்துக்கொள்ளவில்லை. மகள் அப்போது தூங்கிக்கொண்டிருந்தாள் என்றுதான் இன்றுவரை நினைத்திருந்தார்.

நிமிர்ந்த மனைவி அவரைப் பார்த்தாள். சிரிப்பு அப்படியே நின்றது. இறக்கிய கை தானாக மறுபடி காதுக்குப் போனது. இந்தத் தடவை விளையாட்டில்லை.

மகள் திரும்பிப் பார்த்தாள். அவள் முகத்தில் ரத்தமே இல்லை. அம்மாவின் புடவையைப் பற்றிக்கொண்டு, "மணி இன்னும் அடிக்கலையேம்மா," என்றாள்.

பட்டறை வேலையில் கேட்காத சத்தமில்லை அவருக்கு. இத்தனை நாள் எழுந்ததும் கேட்ட அமைதி எதுவென்று மட்டும் தெரியாமல் போயிருக்கிறது. தினமும் இவர்கள் அந்த மணிக்குக் காதைத் தீட்டிக்கொண்டுதான் சிரித்திருக்கிறார்கள்.

"என்னங்க, சும்மா... சின்னப் பிள்ளை, தெரியாம..." மனைவி மகளை முதுகுக்குப் பின்னால் தள்ளினாள்.

எழுந்து போய் இருவரையும் அணைத்துக்கொள்ளத்தான் ஆசை. காலை ஊன்றினார். மனைவி ஓரடி பின்னால் போனாள். ஊன்றிய காலை மடக்கிக்கொண்டார்.

"இன்னும் முடியல," என்றார். "மணி அடிக்கல. நீங்க விளையாடுங்க."

கண்ணை இறுக்கி மூடிக்கொண்டார். ஃபிரிட்ஜ் உறுமிக்கொண்டிருந்தது. குழாய் சொட்டியது. வேறெதுவும் இல்லை. பையில் போன் விடாமல் அதிர்ந்தது. அதை நிறுத்தக் கையைத் தூக்கவும் அவருக்குப் பயமாக இருந்தது.

வெகு நேரம் கழித்துச் சட்டை காலில் உரசும் சத்தம் கேட்டது. தாவவில்லை, அடிமேல் அடிவைத்து வந்தது. எதிரே வந்து நின்றது. அவர் நிஜமாகவே கண்ணை மூடியிருக்கிறாரா என்று பார்க்கக் குனிந்த சின்ன மூச்சு இமை மேல் சூடாகப் பட்டது.

அவர் இமையை அசைக்காமல் உட்கார்ந்திருந்தார்.