சிவப்பில் வந்த வரி

அலுவலகத்தில் அவளுக்குப் புள்ளியக்கா என்று பேர். புரோகிராமில் ஒரு புள்ளி விட்டுப்போனாலும் அவள் கண்ணுக்குத் தப்பாது. மருத்துவமனை ரத்த வங்கியின் குளிர்பெட்டிகளைக் கண்காணிக்கும் மென்பொருள் அவள் கைக்கு வந்ததும், நேரில் போய்ப் பார்த்தாள். அங்கே கணினித் திரைமேல் ஒரு துண்டு போர்த்தியிருந்தது.

"என்ன சிஸ்டர் இது?"

"நாள் முழுக்கக் கத்துதும்மா. 'பிழை 47'ங்குது. என்னன்னு யாரு கண்டா? நாங்க காதுலயே போட்டுக்கிறதில்ல."

திரும்பி வந்து ஒரு நாள் பதிவைப் புரட்டினாள். முப்பதாயிரம் வரிகள், அத்தனையும் சிவப்பு. கதவு திறந்தால் பிழை, மூடினால் பிழை. உண்மையான ஆபத்து அதில் இரண்டே இரண்டு.

மூன்று வாரம் மல்லுக்கட்டினாள். வழக்கமாக நடப்பதெல்லாம் 'தகவல்' என்று சத்தமில்லாமல் பதிவாகட்டும். கவனிக்க வேண்டியது மஞ்சளில் 'எச்சரிக்கை'. யாராவது எழுந்து ஓடவேண்டியதற்கு மட்டும் சிவப்பும் மணியும். 'பிழை 47'ஐத் தூக்கிக் கடாசிவிட்டு, எந்தப் பெட்டி, என்ன ஆயிற்று, என்ன செய்யவேண்டும் என்று எழுதினாள்.

"கதையே எழுதிட்டீங்களேக்கா" என்று பக்கத்து சீட்டுக்காரன் கிண்டலடித்தான்.

நான்கு மாதம் கழித்து, ஒரு மதியம் சிஸ்டர் போன் செய்தார்.

"இன்னிக்கு மணி அடிச்சுதும்மா! நான் மாடியில மாட்டிக்கிட்டேன். கீழ இருந்தது மருந்து கொடுக்கிறவர் ஒருத்தர்தான். ரத்தப் பெட்டிப் பக்கமே போகாத மனுஷன். திரையில இருந்ததப் படிச்சு, அப்படியே செஞ்சுட்டாரு!"

பதற்றத்தோடு பதிவைத் திறந்தாள்.

10:42. ஒற்றைச் சிவப்பு வரி: "மூன்றாம் பெட்டியில் குளிர்விப்பான் நின்றுவிட்டது. இருபது நிமிடத்துக்குள் பைகளை ஒன்றாம் பெட்டிக்கு மாற்றவும்."

10:44. மூன்றாம் பெட்டி திறந்தது.

10:53. கடைசிப் பை ஒன்றாம் பெட்டிக்குள் போனது.

11:06. ஒரு பை வெளியே. பிரசவ அறை.

"சிஸ்டர், அந்தப் பிரசவ அறை...?"

"அரிய வகை ரத்தம்மா. இருந்ததே ரெண்டு பைதான், ரெண்டும் அந்த மூணாம் பெட்டியில. தாயும் பிள்ளையும் சுகம்."

அந்த மனிதரை அவள் பார்த்ததில்லை. அவருக்கும் இவள் யாரென்று தெரியாது. நாற்காலியில் உட்கார்ந்தபடி என்றோ தட்டிய ஒரு வரி, அவர் பக்கத்தில் போய் நின்று வழிகாட்டியிருக்கிறது.

திரையில் புது வரி நகர்ந்து வந்தது: 12:21. ஒன்றாம் பெட்டி திறந்தது. யாருக்காகவோ? அது மூடும்வரை மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்திருந்தாள்.